காட்டு யானைகளுக்காக வெளிநாட்டில் தன்னார்வப் பணி: இலங்கையா, கென்யாவா, நமீபியாவா, தாய்லாந்தா?

நெல் முற்றிய வயலோரத்தில் ஒரு பரண். அதன்மேல் ஒரு விவசாயி, கையில் டார்ச்சும் பக்கத்தில் வெடியுமாக, விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். கண் அயர்ந்தால் ஒரு போகத்து விளைச்சல் ஒரே இரவில் போய்விடும். யானைகளுக்காக வெளிநாடு போய்த் தன்னார்வலராக உழைக்க நினைக்கிறவர் முதலில் யோசிக்க வேண்டியது இந்த மனிதரைத்தான். அவருடைய காட்டில் யானை பிழைப்பதும் மடிவதும் பெரும்பாலும் அவருடைய பொறுமையைப் பொறுத்தது. நீங்கள் போவதால் அவருடைய இரவு கொஞ்சமாவது இலகுவாகுமா?

இந்தப் பணிக்குப் போக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நான்கு இடங்களுக்கு நடுவே தயங்கி நிற்கிறார்கள்: இலங்கையின் உலர்வலயம், கென்யாவின் சாவோ பகுதி, நமீபியாவின் பாலைவன ஆற்றுப்படுகைகள், வட தாய்லாந்தில் கரென் என்ற மலைவாழ் மக்களின் கிராமங்கள். ஐந்தாவதாக இன்னொரு வழியும் உண்டு: தன்னார்வலராகப் போகாமலே உதவுவது. அதையும் சேர்த்தே இங்கே எடைபோடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது, யானை உண்மையிலேயே காட்டில்தான் இருக்கிறதா என்பது. விளம்பரப் படத்தில் ஒருவர் யானையைக் குளிப்பாட்டுகிறார், பழம் ஊட்டுகிறார், தும்பிக்கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார் என்றால் அது காட்டு யானை இல்லை. காட்டு யானை மனிதரை அண்ட விடாது. அப்படி விடத் தொடங்கினால் அதற்குத்தான் ஆபத்து: மனிதரிடம் பயம் தெளிந்த யானை அடுத்து வீட்டுக் கொல்லைக்கு வரும், அதற்கடுத்து துப்பாக்கிக்கு முன்னால் நிற்கும்.

இலங்கையிலேயே இந்த வேறுபாட்டை இரண்டு இடங்களை ஒப்பிட்டுக் காணலாம். பின்னவல யானைகள் காப்பகம் 1975இல் தொடங்கியது. அங்குள்ள யானைகள் மனிதர் பராமரிப்பிலேயே வாழ்கின்றன, குட்டியும் ஈனுகின்றன. உடவளவையில் 1995 முதல் இயங்கும் இடைத்தங்கல் இல்லம் தாயை இழந்த குட்டிகளை வளர்த்துத் திரும்பக் காட்டில் விடுகிறது. அங்கே வருகிறவர்கள் தள்ளி நின்று பால் ஊட்டுவதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். தொட முடியாத இடத்தைப் பார்த்து ஏமாற்றமடையாதீர்கள். அந்தத் தூரத்தில்தான் அக்கறை இருக்கிறது.

இரண்டாவது அளவுகோலைத்தான் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அந்த வேலை யார் கையில் இருக்கும்? கட்டிய சுவர் நிற்கும். பதிவு செய்த தரவு, அதைப் பயன்படுத்துகிறவர் இருந்தால் நிற்கும். ஆனால் பல திட்டங்கள் ‘சமூகப் பணி’ என்ற பெயரில் வாரத்தில் மூன்று நாள் உள்ளூர்ப் பள்ளியில் ஆங்கிலம் கற்றுத்தரச் சொல்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒரு புதிய முகம், மறுபடியும் அதே நிறங்களின் பெயர்கள், அதே பாட்டு. குழந்தைகள் பழகுகிறார்கள், ஆசிரியர் போய்விடுகிறார், அடுத்தவர் வருகிறார். பாடத்திட்டமும் நிரந்தர ஆசிரியரும் இல்லாத இந்த ஏற்பாட்டை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பள்ளிக்கு உண்மையில் தேவைப்படுவது பெரும்பாலும் வேறாக இருக்கும்: யானை நடமாடும் பாதையில் குழந்தைகள் நடக்காமல் வந்துசேர ஒரு வாகனம், கழிப்பறைக்கு ஒரு கதவு.

மூன்றாவது பணம். தன்னார்வலர் கட்டும் கட்டணத்தில் எவ்வளவு இடைத்தரகருக்கு, எவ்வளவு உணவுக்கும் தங்குமிடத்துக்கும், எவ்வளவு கிராமத்துக்குக் கூலியாகவும் பொருளாகவும் போகிறது? கட்டணம் வாங்குவது தவறில்லை. உங்களுக்குச் சோறு போட்டு, வண்டி ஓட்டி, காட்டில் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கணக்கைச் சொல்ல மறுப்பதுதான் தவறு.

காலம், உடல்நலம், விசா ஆகியவற்றை அந்தந்த நாட்டோடு சேர்த்துச் சொல்கிறேன். அவை இடத்துக்கு இடம் மாறும்.

## இலங்கை: வயலுக்கும் காட்டுக்கும் நடுவே வேலி எங்கே?

2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. அவ்வளவு சிறிய தீவுக்கு இது மிகப் பெரிய எண்ணிக்கை. நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 60 சதவீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அந்தப் பரப்பில் சுமார் 70 சதவீதத்தில் மக்களும் குடியிருக்கிறார்கள். காடு ஒரு பக்கம், ஊர் மறுபக்கம் என்று கோடு கிழிக்க அங்கே இடமே இல்லை. விளைவு கொடூரமானது. 2019இல் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் சுமார் 120 மனிதர்களும் இறந்தார்கள். துப்பாக்கி, சட்டவிரோத மின்கம்பி, ரயில், இவற்றோடு ‘ஹக்க பட்டாஸ்’ என்ற வெடியும் யானைகளைக் கொல்கிறது. பூசணி போன்ற காய்க்குள் வெடிமருந்தைப் பொதித்து வைப்பார்கள். கடித்தால் தாடை சிதறும். யானை அப்போதே சாவதில்லை, தின்ன முடியாமல் நாள் கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. பன்றிக்கு வைத்ததைக் குட்டிகளும் கடித்துவிடுகின்றன.

இங்கே விவாதமெல்லாம் வேலியைப் பற்றியது. நெடுங்காலமாக மின்வேலிகள் சரணாலய எல்லையில் போடப்பட்டன. ஆனால் பல இடங்களில் எல்லைக்கு இரு பக்கமும் காடு, இரு பக்கமும் யானை. வேலி யாருடைய வயலையும் காக்கவில்லை. யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் வேறொரு முறையை முன்வைத்தார்கள்: ஊரைச் சுற்றி ஊரே பராமரிக்கும் வேலி, வயலைச் சுற்றிப் போகத்துக்குப் போகம் போட்டு எடுக்கும் வேலி. அறுவடை முடிந்ததும் வேலியைக் கழற்றிவிட்டால் யானைகள் உள்ளே வந்து தாளடியை மேயலாம். விவசாயிக்கும் நட்டமில்லை, யானைக்கும் வறண்ட காலத்தில் தீனி. இவ்வளவு எளிய யோசனை நிலைப்பதற்குத் தினமும் கம்பியடியில் புல்லை வெட்டுகிற, மின்னோட்டத்தைச் சரிபார்க்கிற ஓர் ஊர்க் குழு வேண்டும். தொழில்நுட்பத்தைவிட அந்தக் குழுதான் வேலியைத் தாங்கி நிற்கிறது.

தன்னார்வலருக்கு வேலை எங்கே? வஸ்கமுவ தேசியப் பூங்காவை ஒட்டிய கிராமங்களில் 1995இல் தொடங்கிய இலங்கை வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் பல ஆண்டுகளாக வெளிநாட்டுத் தன்னார்வலர்களை ஏற்றுவருகிறது. காலையில் யானையின் தடமும் லத்தியும் (சாணமும்) பார்த்துக் குறிப்பது, தானியங்கிக் கேமராக்களைச் சரிபார்ப்பது, யானை வந்து போன தோட்டத்தின் சேதத்தை வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பதிவு செய்வது, மாலையில் மர வீட்டிலிருந்து யானைகளை அவதானிப்பது. யானை விரும்பாத தோடை (ஆரஞ்சு) மரங்களை வீட்டுத் தோட்டங்களில் வளர்க்க விவசாயிகளுக்கு உதவும் திட்டமும் இவர்களுடையது. பழத்தை விற்று வருமானம் கிடைக்கும் என்பதால் மரம் தானாகவே பராமரிக்கப்படும். யானைப் பாதையில் பள்ளிக்கு நடந்துபோன குழந்தைகளுக்காகப் பஸ் ஓட்டுகிறார்கள். முன்னே சொன்னேனே வாகனத் தேவை, அதற்கு இது நல்ல சான்று.

மறைமுகச் செலவுகளில் முதலில் வருவது பொறுமை. சில நாட்களில் யானையே தென்படாது. பகல் முழுக்க லத்தியைப் பிரித்து விதை எண்ணிவிட்டுத் திரும்புவீர்கள். அடுத்தது மொழி. தமிழ் இலங்கையின் ஆட்சிமொழிகளில் ஒன்று, அது பயணத்தை எளிதாக்கும். ஆனால் வஸ்கமுவ சுற்றுவட்டக் கிராமங்களில் சிங்களமே பேசுகிறார்கள். சேதத்தைப் பற்றிப் பேச வந்தவர் அந்த மொழியில் வணக்கமாவது சொல்ல வேண்டாமா? நோயைப் பொறுத்தவரை, இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. டெங்கு இருக்கிறது, கொசுவலையும் கொசு விரட்டி மருந்தும் கட்டாயம்.

எப்போது போவது என்பதையும் வயலே சொல்லும். பெரும்போக நெல் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகும், சிறுபோகம் ஆகஸ்ட், செப்டம்பரில். கதிர் முற்றும் வாரங்களில்தான் மோதலும் முற்றும், உங்கள் பதிவுக்கும் அப்போதுதான் பயன் அதிகம். அதே ஆகஸ்ட், செப்டம்பரில் மின்னேரியா குளக்கரையில் நூற்றுக்கணக்கான யானைகள் புல்லுக்கும் நீருக்குமாகத் திரளும். விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள். ஜீப்புகள் மந்தையை நெருக்கினால் உங்கள் ஓட்டுநரிடம் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் கொடுப்பவர் சொன்னால் கேட்பார்கள்.

## கென்யா: தேன்கூடுகளால் ஒரு வேலி

சாவோவில் சுமார் 15,000 யானைகள் இருக்கின்றன. கென்யாவின் மிகப் பெரிய தொகை அதுதான். சாவோ கிழக்குப் பூங்காவின் எல்லையில், வோய் நகருக்கு அருகே உள்ள சகல்லா சமூகத்தின் மக்காச்சோள நிலங்கள் யானைகளின் வழியிலேயே கிடக்கின்றன.

யானைக்குத் தேனீ என்றால் பயம். தடித்த தோலைத் தேனீ என்ன செய்யும் என்று தோன்றலாம். ஆனால் கண்ணோரமும் காதின் பின்புறமும் தும்பிக்கையின் உள்பக்கமும் மென்மையானவை. இதை வைத்து லூசி கிங் என்ற விலங்கியலாளர் தேன்கூட்டு வேலியை உருவாக்கினார். நிலத்தைச் சுற்றி 10 மீட்டருக்கு ஒன்றாகப் பெட்டிகள், நடுநடுவே வெற்றுப் பெட்டிகள், எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு கம்பி. யானை கம்பியைத் தள்ளினால் பெட்டிகள் ஆடும், தேனீ கிளம்பும். முதல் சோதனைகள் கென்யாவின் லைக்கிபியா பகுதியில் 2008 வாக்கில் நடந்தன. பிறகு ‘சேவ் தி எலிஃபண்ட்ஸ்’ அமைப்பின் திட்டமாகச் சகல்லாவில் வேரூன்றியது. அங்கே ஒன்பது ஆண்டுகள் எடுத்த கணக்கு 2024இல் வெளியானது. பயிர் விளையும் உச்சக் காலங்களில் வந்த யானைகளில் 86 சதவீதம் வரை திரும்பிப் போயிருக்கின்றன. கூடவே விவசாயிக்குத் தேன்.

அதே ஆய்வு சொல்லும் இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2017 வறட்சியில் பெட்டிகளில் தேனீக்கள் 75 சதவீதம் குறைந்தன. பழைய நிலைக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. மழை பொய்த்தால் பூ இல்லை, பூ இல்லாவிட்டால் தேனீ இல்லை, தேனீ போன வேலி வெறும் கம்பி. இதை மறைக்காமல் எழுதியதாலேயே அந்தத் திட்டத்தின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். எந்த முறையும் எல்லா ஆண்டும் பலிக்கும் என்று சொல்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள். இந்த முறையை எங்கும் அப்படியே நட்டுவிடவும் முடியாது. ஆசியத் தேனீ சிறியது, சாந்தமானது, அதனிடம் ஆப்பிரிக்கத் தேனீயின் கோபத்தை எதிர்பார்க்க இயலாது.

இங்கே இரண்டு விதமாகப் போகலாம். தேனீ, சூழலியல், கால்நடை மருத்துவம் போன்ற துறை படித்தவர்கள் ஆய்வு மையங்களில் மாதக்கணக்கில் பயிற்சியாளராகச் சேரலாம். மற்றவர்களுக்குக் குழுவாகச் செல்லும் குறுகிய பயணங்கள். ‘எர்த்வாட்ச்’ அமைப்பு சாவோவை அடுத்த காசிகாவ் பகுதியில் தன்னார்வலர்களைக் கொண்டு பல வகை வேலிகளைச் சோதித்திருக்கிறது. கம்பியில் தொங்கி வெயிலில் மின்னிக் காற்றில் சலசலக்கும் தகரத் துண்டுகள், மிளகாய் தடவிய துணி என ஒவ்வொன்றையும் யானை எப்படி எதிர்கொள்கிறது என்று எண்ணினார்கள். வேலி நடுவது, தடம் அளப்பது, எண்ணுவது, எழுதுவது என்பதால் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகாது.

மறைமுகச் செலவுகள் நான்கு நாடுகளில் இங்கேதான் அதிகம். மலேரியா தடுப்பு மாத்திரை வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் போகும்போது தேவைப்படாவிட்டாலும் திரும்பும்போது பல நாடுகள் கேட்கும். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும், 2016 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகும். விசாவுக்குப் பதிலாக ஜனவரி 2024 முதல் மின்னணுப் பயண அனுமதி வந்திருக்கிறது. அந்த அனுமதியில் தன்னார்வப் பணி செய்யலாமா என்பதை அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நைரோபியிலிருந்து வோய்க்கு ரயில் இருக்கிறது. 2017இல் திறந்த அந்தப் பாதை சாவோவின் நடுவே போகிறது, யானைகள் கடப்பதற்குக் கீழ்வழிகள் விட்டிருக்கிறார்கள். ஜன்னலோரம் இருக்கை கேளுங்கள்.

## நமீபியா: தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு கல்சுவர்

வடமேற்கு நமீபியாவின் பாலைவன யானைகள் தனி இனம் அல்ல, ஆப்பிரிக்கச் சவானா யானைகளே. வறண்ட ஆற்றுப்படுகைகளில் நெடுந்தூரம் நடந்து, மணலுக்கடியில் நீர் தேடி வாழக் கற்றவை. உகாப் ஆற்றையொட்டிய பகுதிக்கு அவை 1990களில் திரும்பி வந்தபோது, அங்கே ஆடு மாடு மேய்க்கும் தமாரா, ஹெரெரோ குடும்பங்களில் பலருக்கு யானையோடு வாழ்ந்த அனுபவமே இல்லை.

பிரச்சினை பயிர் அல்ல, தண்ணீர். ஒரு யானை ஒரே நாளில் 150 லிட்டருக்கு மேல் குடிக்கும். காற்றாலைக் குழாயையும் தொட்டியையும் உடைத்துக் குடித்துவிட்டுப் போனால் அந்தக் குடும்பத்துக்கும் ஆடுகளுக்கும் குடிக்க நீரில்லை. ‘எலிஃபண்ட்-ஹியூமன் ரிலேஷன்ஸ் எய்ட்’ என்ற அமைப்பு ஸ்வாகோப்முண்டிலிருந்து இரண்டு வாரச் சுற்றுகளாகத் தன்னார்வலர்களை அழைத்துப் போகிறது. முதல் வாரம் கிணற்றையும் தொட்டியையும் சுற்றிக் கல்லும் சிமென்டுமாகச் சுவர் எழுப்புவது. இரண்டாம் வாரம் யானைகளைப் பின்தொடர்ந்து, ஒவ்வொன்றையும் காதின் கிழிசலாலும் தந்தத்தாலும் அடையாளம் கண்டு, எந்தக் கூட்டம் எங்கே போகிறது என்று குறிப்பது. அந்தத் தகவல் விவசாயிகளுக்கு முன்னெச்சரிக்கை.

இரண்டே வாரம்தான் கிடைக்கும், விசேஷத் திறமை எதுவும் இல்லை என்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை. கல் சுமக்க யாருக்கும் பயிற்சி வேண்டாம். நீங்கள் போன பிறகும் சுவர் அங்கேயே நிற்கும். சுவருக்குள் பம்ப் பத்திரம், சுவருக்கு வெளியே யானையும் குடிக்கலாம் என்ற ஏற்பாடு விவசாயியின் கோபத்தின் வேரையே தொடுகிறது.

போவதற்கு முன் அந்த நாட்டின் போக்கையும் அறிந்துகொள்ளுங்கள். 1996 சட்டத்தின்படி வனவிலங்குகளின் பலனில் உள்ளூர்ச் சமூகங்களுக்கு உரிமை உண்டு. இன்று அந்தச் சமூகங்களே நிர்வகிக்கும் 86 வனவிலங்குப் பாதுகாப்பு நிலங்கள் இருக்கின்றன. அந்த வருமானத்தில் வேட்டைச் சுற்றுலாவும் அடக்கம். 2020 டிசம்பரில் அரசு 170 யானைகளை உயிருடன் ஏலத்துக்கு அறிவித்து 57ஐ விற்றது. 2024 வறட்சியில் மக்களுக்கு இறைச்சி வழங்க 83 யானைகள் உள்பட 723 விலங்குகளைக் கொல்லத் திட்டமிட்டது. உங்கள் மனம் இதை ஏற்காமல் போகலாம், என் மனமும் ஏற்கவில்லை. ஆனால் உடைந்த தொட்டியின் முன் நிற்கும் குடும்பத்திடம் அந்த வழக்கை நடத்தாதீர்கள். கேளுங்கள், சுவரைக் கட்டுங்கள்.

உடல் கேட்கும் விலை அதிகம். பகலில் வெயில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவில் கடுங்குளிர், திறந்தவெளியில் படுக்கை, சொற்ப நீரில் குளியல். நல்ல மருத்துவமனை வெகுதொலைவு. ஆகவே அவசர மீட்பு வாகனச் செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்பவே கூடாது. மூட்டுவலி உள்ளவர்கள் தவிர்க்கவும். நமீபிய டாலர் தென்னாப்பிரிக்க ராண்டோடு ஒன்றுக்கு ஒன்று கட்டப்பட்டிருப்பதால் ராண்ட் கையில் இருந்தாலே போதும்.

## தாய்லாந்து: காட்டு யானை என்று சொல்லக் கூடாதவை

இங்கே சொல்லில் கவனம் வேண்டும். தன்னார்வலர்கள் அதிகம் போகும் வடக்கு மாவட்டங்களில் இருப்பவை சொந்தக்காரர் உள்ள யானைகள். 1989இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடை வந்தபோது, மரம் இழுத்துப் பிழைத்த யானைகளும் பாகன்களும் வேலை இழந்தார்கள். சுற்றுலா அந்த இடத்தைப் பிடித்தது: சவாரி, வித்தை, குளியல். ஆசிய நாடுகளில் சுற்றுலாவுக்குப் பயன்படும் சுமார் 3,000 யானைகளை ஆராய்ந்த ‘வேர்ல்ட் அனிமல் புரொடெக்‌ஷன்’ என்ற விலங்கு நல அமைப்பின் 2017 அறிக்கை, நான்கில் மூன்று பங்குக்கு மேல் மோசமான நிலையில் வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. அவற்றில் பெரும்பங்கு தாய்லாந்தில்தான்.

வடக்கே மே சேம் என்ற மாவட்டத்தின் கரென் கிராமங்கள் சிலவற்றில் முகாம்களிலிருந்து யானைகளைத் திருப்பி அழைத்து, பகலெல்லாம் காட்டில் சுதந்திரமாக மேயவிடுகிறார்கள். தன்னார்வலர் பாகனோடு மலையேறி, தூர நின்று அவற்றின் நடத்தையைப் பதிவு செய்கிறார், கிராமத்து வீட்டிலேயே தங்கிச் சாப்பிடுகிறார். தங்குமிட வாடகை, சமையல் கூலி, பாகனின் சம்பளம் என்று கட்டணம் நேராக வீடுகளுக்குப் போகும் வாய்ப்பு இங்கே மற்ற எல்லா இடங்களையும்விட அதிகம்.

ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும் வருகிறவர்களையே நம்பி நிற்கிறது. 2020இல் பெருந்தொற்றால் பயணிகள் நின்றபோது, தீனிக்கு வழியில்லாமல் நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் முகாம்களிலிருந்து மலைக் கிராமங்களுக்குப் பாகன்களோடு நடந்தே திரும்பின. சுற்றுலாவே கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட என்னால் இயலாததற்கு அந்த நடைதான் காரணம். யானைக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், அது தினமும் தின்ன வேண்டும், அந்தச் செலவை யாராவது ஏற்க வேண்டும். சவாரிக்குக் கொடுப்பதைவிட, தொடாமல் பார்ப்பதற்குக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

சம்பளம் இல்லாத தன்னார்வப் பணியையும் தாய்லாந்துச் சட்டம் வேலையாகவே கருதுகிறது, அதற்கு அனுமதி வேண்டும். ‘சுற்றுலா விசாவில் வாருங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று சொல்லும் அமைப்பை அப்போதே விட்டுவிடுங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வடக்கில் வயல்களும் காடுகளும் எரிந்து புகை மண்டும், மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு ஆகாது. உண்மையான காட்டு யானைகளைக் காண வேண்டுமானால் தெற்கே குய் புரி தேசியப் பூங்கா இருக்கிறது. அன்னாசித் தோட்டங்களோடு மோதல் நடந்த அந்த இடத்தில் இப்போது உள்ளூர் மக்களே வழிகாட்டிகளாக அழைத்துப் போகிறார்கள். அது ஒருநாள் பயணம், தன்னார்வப் பணி அல்ல. இருந்தாலும் அந்த ஒருநாள் கட்டணம் சரியான கைக்குப் போகிறது.

## தன்னார்வலராகப் போகாமல் இருப்பது

விமான டிக்கெட், விசா, ஊசி, காப்பீடு, போகும் நாட்களின் சம்பள இழப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டுங்கள். அந்தத் தொகையை அப்படியே ஓர் ஊர்வேலிக் குழுவுக்கோ தேன்பெட்டித் திட்டத்துக்கோ அனுப்பினால், உங்கள் இரு கைகள் இரு வாரத்தில் செய்வதைவிட அதிகம் நடக்கும் வாய்ப்பு உண்டு. கணக்கு எழுத, வரைபடம் தயாரிக்க, இணையதளம் அமைக்கத் தெரிந்தவர்கள் வீட்டிலிருந்தே மாதம் பத்து மணி நேரம் கொடுக்கலாம். களத்தில் பாடுபடும் சிறு அமைப்புகளுக்கு இந்தத் திறமைகள் எட்டாக்கனி. உடல்நலம் இடம் கொடுக்காதவர்களும் சிறு குழந்தைகள் உள்ளவர்களும் குற்ற உணர்வில்லாமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

நேரில் போவதில் வேறொரு பலன் இருக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. பரணில் ஓர் இரவு விழித்தவர் வாழ்நாள் முழுக்க அந்த விவசாயிக்காகப் பேசுவார்.

## ஒரே பார்வையில்

| | யானை | கையில் எடுக்கும் வேலை | என் கணக்கில் தேவையான காலம் | கவனிக்க வேண்டிய செலவு |
|---|---|---|---|---|
| இலங்கை | காட்டு யானை | சேதப் பதிவு, கேமரா, தோடை மரங்கள் | 3 முதல் 4 வாரம் | டெங்கு, மொழி, வெறுமையான நாட்கள் |
| கென்யா | காட்டு யானை | வேலிச் சோதனை, தேன்பெட்டி | குழுப் பயணம் 2 வாரம். பயிற்சி 3 மாதமாவது | மலேரியா, மஞ்சள் காய்ச்சல் ஊசி |
| நமீபியா | காட்டு யானை | கல்சுவர், யானை அடையாளப் பதிவு | 2 வாரம் | மீட்புக் காப்பீடு, உடலுழைப்பு |
| தாய்லாந்து | சொந்தக்காரர் உள்ள யானை | நடத்தைப் பதிவு, கிராம வீட்டில் தங்கல் | 4 வாரம் | பணி அனுமதி, புகைக் காலம் |
| போகாமல் | — | பணம், திறமை | மாதம் சில மணி நேரம் | நேரில் பார்க்கும் அனுபவம் கிடைக்காது |

## யாருக்கு எது

பொறுமையாகக் குறிப்பெடுப்பவர், அடுத்த ஆண்டும் திரும்பி வரக்கூடியவர் இலங்கைக்குப் போகலாம். ஒரே இடத்தைப் பல ஆண்டுகள் பார்த்த கண்களுக்கு அங்கே மதிப்பு அதிகம். துறை அறிவும் மூன்று மாதமும் உள்ளவருக்குக் கென்யா. உடல் வலுவும் இரண்டே வாரமும் உள்ளவருக்கு நமீபியா, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மக்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்து பழக விரும்புகிறவருக்கும், யானையைத் தொடாமல் இருக்கச் சம்மதிப்பவருக்கும் கரென் கிராமங்கள். இருமல், காசநோய்த் தொற்று உள்ளவர்கள் அங்கே போகவே கூடாது, மனிதரின் காசநோய் யானைக்கும் தொற்றும். குட்டி யானையோடு படம் எடுத்துக்கொள்வதுதான் உள்ளூர ஆசை என்றால் இந்த நான்கில் எதற்கும் போக வேண்டாம். அந்தப் படத்தைப் பார்க்கும் அடுத்தவரும் அதையே தேடிப் போவார், அதற்காக இன்னொரு குட்டி தாயிடமிருந்து பிரிக்கப்படும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நான் கட்டும் தொகையில் கிராமத்துக்குப் போவது எவ்வளவு? எந்த விசாவில் வர வேண்டும்? போன ஆண்டு தன்னார்வலர்கள் கட்டிய, நட்ட, பதிவு செய்த எது இன்று பயன்பாட்டில் இருக்கிறது? தன்னார்வலர்களே வராத மாதங்களில் அந்த வேலையைச் செய்பவர் யார், அவருக்குச் சம்பளம் உண்டா? கடைசிக் கேள்விக்கு ஓர் உள்ளூர்க்காரரின் பொறுப்பைச் சொல்லி, அவரோடு பேசவும் வழி செய்தால் அந்த இடத்துக்கு டிக்கெட் எடுங்கள்.